மூன்று வருட சிங்க்திங்: 180 ஜிபி கூத்தை அனுப்புகிறவனின் அனுபவம்

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். “மாமா, கல்யாண வீடியோ 90 ஜிபி இருக்கு. காசு கட்டாம ஆன்லைன்ல அனுப்ப நீங்க என்ன யூஸ் பண்றீங்க?” சிங்க்திங் என்றேன், இரண்டு கணினிகளில் ஒரு ஃபோல்டரை ஒரே மாதிரி வைத்திருக்கும் இலவச மென்பொருள். “அப்ப நானும் அதையே போட்டுக்கவா?” என்றான். வேண்டாம்டா என்று சொல்லிவிட்டேன். மூன்று வருடமாக நானே விடாமல் வைத்திருக்கும் ஒன்றை அவனுக்கு ஏன் வேண்டாம் என்றேன்? அவனுக்குப் போனில் சரியாகச் சொல்ல வரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

நான் அனுப்புவது தெருக்கூத்து. செய்யாறு வட்டாரத்தில் பாரதக் கூத்து நடக்கும் நாட்களில் திரௌபதி அம்மன் கோயில் திடலில் கேமராவை நிறுத்தினால், கூத்தைத் தொடங்கிவைக்கும் கோமாளியான கட்டியக்காரன் வந்ததிலிருந்து விடியும்வரை எடுப்பேன். 50 எம்பிபிஎஸ் தரத்தில் எட்டு மணி நேரம் எடுத்தால் 180 ஜிபி. சுருக்கி அனுப்பக் கூடாதா என்று கேட்பார்கள். மரத்தில் செய்த கிரீடமும் தோளணியும் கொண்ட கட்டை வேடத்தில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் விளக்கு வெளிச்சத்தில் மின்னும் பாருங்கள், சுருக்கிய கோப்பில் அந்த இடம்தான் முதலில் கட்டம் கட்டமாக உடையும். அதனால் கேமராவில் பதிந்ததை அப்படியே தாம்பரத்தில் இருக்கும் எடிட்டர் நண்பருக்கு அனுப்பியாக வேண்டும்.

ஜிமெயில் இணைப்பு 25 எம்பியோடு நின்றுவிடும். டெலிகிராமில் காசு கட்டாவிட்டால் ஒரு கோப்பு 2 ஜிபி. கூகுள் டிரைவ் தரும் 15 ஜிபியில் மெயிலுக்கும் போட்டோவுக்கும் பங்கு போய்விடும். 2019இல் மொசில்லா ஃபயர்ஃபாக்ஸ் சென்ட் கொண்டுவந்தபோது சந்தோஷப்பட்டேன், உள்நுழைந்தால் 2.5 ஜிபி வரை அனுப்ப முடிந்தது. வைரஸ் பரப்புகிறவர்கள் அதைப் பிடித்துக்கொள்ள, 2020இல் மூடிவிட்டார்கள். இவை எல்லாவற்றிலும் நம் கோப்பு நடுவில் இன்னொருவருடைய வட்டில் தங்குகிறது. அந்த வட்டுக்கும் கரண்டுக்கும் அவர்தான் செலவழிக்கிறார், அதனால் அளவு வைக்கிறார். அது நியாயம்தான்.

2013இல் தொடங்கிய சிங்க்திங் நடுவில் யாரிடமும் எதையும் சேர்த்து வைப்பதில்லை. என் கணினியிலிருந்து நண்பருடைய கணினிக்கே போகிறது, வழியில் யாரும் திறந்து பார்க்க முடியாதபடி. கணக்கு தொடங்க வேண்டாம், காசு வேண்டாம், வட்டில் இடம் இருக்கும்வரை அளவும் கிடையாது.

எனக்கு இதன்மேல் பிடிப்பு வந்ததே மின்வெட்டால்தான். பிரவுசரில் ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் 90 சதவீதத்தில் கரண்ட் போனால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பேன். சிங்க்திங் கோப்பைத் துண்டு துண்டாக வெட்டுகிறது, பெரிய கோப்பென்றால் துண்டு 16 எம்பி வரை இருக்கும். போய்ச் சேர்ந்த ஒவ்வொரு துண்டையும் மறுமுனையில் சரிபார்த்து வாங்கிக்கொள்கிறது. பதினெட்டாம் போர் இரவை அனுப்பியபோது மூன்று முறை கரண்ட் போனது. மூன்று முறையும் ரவுட்டர் எழுந்த கொஞ்ச நேரத்தில் விட்ட இடத்திலிருந்து ஓடியது. அங்கே ஒரு பிரேம்கூடக் கெடவில்லை. எங்கள் ஃபைபரின் அப்லோட் வேகமும் 50 எம்பிபிஎஸ்தான், அதனால் கூத்து எவ்வளவு நேரம் நடந்ததோ கிட்டத்தட்ட அவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்கிறது. நண்பர் கோப்பு வரிசையைப் பழையது முதலில் என்று மாற்றி வைத்திருக்கிறார். இப்போது துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டிருப்பான் என்று கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தச் சந்தோஷத்தை வேறு எந்த மென்பொருளும் எனக்குத் தந்ததில்லை.

ஆனால் இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். மூன்று வருடமாக என்னைப் படுத்துவது இந்த ஒன்றுதான். நடுவில் வாங்கி வைக்க ஆள் இல்லாததால் காசு இல்லை, அளவு இல்லை. அதே காரணத்தால் அவர் கணினி தூங்கினால் என் கோப்பு போக இடமில்லை. இரவு பதினொரு மணிக்குத் தொடங்கிவிட்டுப் படுப்பேன். காலையில் பார்த்தால் 12 சதவீதம், பக்கத்தில் டிஸ்கனெக்டட். போன் செய்தால் நண்பர் சங்கடத்தோடு சொல்வார்: “ராத்திரியெல்லாம் மெஷின் ஓடுதேன்னு அம்மா சுவிட்ச அணைச்சிட்டாங்க.” அம்மாவைக் குறை சொல்ல முடியுமா? கரண்ட் பில் அவர்கள் வீட்டுக்குத்தானே வருகிறது. ஸ்விட்ச்மேல் ஒட்டிய காகிதம் ஒரு மாதம் தாங்கியது. அப்புறம் விண்டோஸ் அப்டேட் என்று அதுவாகவே அணைந்தது ஒரு நாள். கோப்பை அனுப்புவதைவிட அவர் கணினியை எழுப்பி வைப்பதில்தான் என் பாதி நேரம் போகிறது.

வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். நேரடி இணைப்பு கிடைக்காவிட்டால், தன்னார்வலர்கள் நடத்தும் ரிலே வழியாகச் சுற்றிப் போகும், அதாவது எதையும் சேர்த்து வைக்காமல் கைமாற்றி மட்டும் விடும் சர்வர். நொடிக்கு 1 எம்பி கிடைத்தால் 180 ஜிபிக்கு 50 மணி நேரம். இரண்டு பக்கமும் ரவுட்டரில் ஐபிவி6 (ஒவ்வொரு கணினிக்கும் தனி இணைய முகவரி தரும் முறை) இயக்கிய பிறகுதான் எங்களுக்கு நேர்வழி கிடைத்தது. இன்னொன்று, இடம் வேண்டுமென்று நான் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். என் பக்கம் சென்ட் ஒன்லி (அனுப்ப மட்டும்) என்று வைத்தாலும் அழிப்பு போய்ச் சேரும். அவர் வேறு ஃபோல்டருக்கு நகல் எடுத்துவிட்டேன் என்று சொன்ன பிறகே நான் கை வைப்பேன்.

அக்கா மகனுக்கு வேண்டாம் என்றதும் இதனால்தான். கல்யாண வீட்டார் நினைத்த நேரத்தில் லிங்கைத் தட்டினால் வீடியோ வர வேண்டும். அவர்களிடம் போய் ராத்திரி லேப்டாப்பை மூடாதீர்கள் என்று கேட்க முடியாது. காசு கட்டும் சேமிப்பிடம்தான் அவனுக்குச் சரி.

எனக்கோ இதைவிட நல்ல வழி தெரியாது. நேற்று மாலைவரை யார் கேட்டாலும் அடித்துச் சொல்லியிருப்பேன். இப்போது மணி இரவு ஒன்று. 41 சதவீதத்தில் நிற்கிறது. நண்பர் ஊருக்குப் போயிருக்கிறார், வீடு பூட்டு, திங்கட்கிழமைதான் வருவார். ஞாயிற்றுக்கிழமை அவர் தங்கை தாம்பரம் போகிறாளாம். ஹார்ட் டிஸ்க்கில் நகல் ஓடிக்கொண்டிருக்கிறது, காலையில் அவள் கையில் கொடுத்துவிடப் போகிறேன்.