மடக்குச் சுவரா, இரட்டைச் சுவரா?

போட்டோ ஷூட், படப்பிடிப்பு இரண்டுக்கும் சேர்த்து ஸ்டுடியோ கட்ட நினைப்பவர்கள் பலர் முதலில் வரைவது, நடுவில் மடக்குச் சுவர் வைத்த ஒரு பெரிய கூடத்தைத்தான். சுவரை இழுத்தால் இரண்டு ஃப்ளோர், அதாவது படமெடுக்கும் கூடங்கள்; ஒதுக்கினால் ஒன்று. வரைபடத்தில் ஜோராக இருக்கும்.

வில்லங்கம் ஒலியில் வருகிறது. மடக்குச் சுவரின் பலகையைத் தனியாகச் சோதித்தால் எஸ்டிசி (சத்தத்தைத் தடுக்கும் திறனின் அளவீடு) 50ஐத் தாண்டுவதுண்டு, நல்ல அளவுதான். ஆனால் சத்தம் பலகை வழியாக மட்டுமா போகிறது? மேலே தண்டவாள இடுக்கு, கீழே தேய்ந்துபோகும் ரப்பர், இரு பக்கமும் ஓடும் ஒரே ஏசி டக்ட், ஒரே கான்கிரீட் தரை என எல்லா வழியிலும் புகுந்து வரும். இங்கே லைவ் சவுண்டில் வசனம் போகிறது, அங்கே தச்சர் செட்டுக்கு ஆணி அடிக்கிறார் என்றால், யாராவது ஒருவர் வேலையை நிறுத்தியே ஆகவேண்டும். ஸ்டில்ஸ் மட்டும் எடுக்கிற இடமா? சரி, மடக்குச் சுவரே போதும்.

நடுவே காற்றிடைவெளி விட்ட இரட்டைச் சுவரும் தனித்தனித் தரையுமாகக் கட்டிய இரண்டு ஃப்ளோர்களில் இந்த இழுபறி இல்லை. பெரிய செட் வந்தால் மட்டும் கையைப் பிசைய வேண்டியிருக்கும். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். இடத்தை வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் வசதியைச் சுவரில் தேடுவதைவிடக் கூரையில் தேடலாம். விளக்குகளைத் தொங்கவிடக் கூரையில் அமைக்கும் சட்டம்தான் கிரிட். நிலையாகப் பொருத்திய கிரிட்டில் ஒவ்வொரு விளக்கையும் ஏணி போட்டுத்தான் மாட்ட வேண்டும். மோட்டாரில் இறங்கும் கிரிட் என்றால் தரையிலேயே மாட்டி மேலே ஏற்றிவிடலாம். செலவு கூடுதல்தான், ஆனால் காலையில் விளம்பரம், மாலையில் பேட்டி என்று ஃப்ளோரை மாற்றுவது இதில்தான் சாத்தியம். நாலு சுவரிலும் மூன்று ஃபேஸ் மின்இணைப்பு, அகலமான டக்டில் இரைச்சலில்லாமல் மெதுவாக வரும் ஏசி காற்று, இவற்றையும் கட்டும்போதே செய்துவிட வேண்டும். டக்டைப் பிறகு பெரிதாக்குவது பெரும்பாடு.

அப்புறம் ஜன்னல். எடிசனின் முதல் ஸ்டுடியோ 1893இல் வந்தபோது வெயில்தான் விளக்கு; கூரையைத் திறந்து, கொட்டகையையே தண்டவாளத்தில் சுழற்றி வெயிலைப் பிடித்தார்கள். இன்றும் ஸ்டில்ஸ்காரர்களுக்கு ஜன்னல் வெளிச்சம் என்றால் உயிர். படப்பிடிப்பில் அதே வெளிச்சம் ஷாட்டுக்கு ஷாட் மாறித் தொல்லை தரும், கண்ணாடி வழியே தெருச் சத்தமும் வரும். ஆகவே சின்ன ஃப்ளோருக்கு ஜன்னலும் முழு இருட்டுத் திரையும் கொடுத்துவிட்டு, பெரியதை ஜன்னலே இல்லாமல் கட்டுவேன்.