டிஜி எஸ்சிஆர்: தூக்கு பற்றியும் 377 பற்றியும் வாதாடுமுன் திறக்க வேண்டிய தளம்

தூக்குத் தண்டனை வேண்டுமா, தன்பாலின உறவை (பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அதைக் குற்றமாக்கியிருந்தது) சட்டம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று பேச்சு எழுந்தால், ராமகிருஷ்ணபுரம் முதல் மயூர் விகார் வரை தில்லித் தமிழர்கள் பெரும்பாலும் வாட்ஸப்பில் வந்ததை வைத்தே மல்லுக்கு நிற்கிறோம். மூலத் தீர்ப்புகளோ இதே ஊரில், திலக் மார்க்கில் சொல்லப்பட்டவை. அவற்றைக் காசில்லாமல் படிக்க உச்ச நீதிமன்றமே நடத்தும் சேவைதான் டிஜி எஸ்சிஆர். 2023 ஜனவரியில் இ-எஸ்சிஆர் என்ற பெயரில் தேடல் வசதி வந்தது; இப்போதுள்ள வடிவம் 2024 ஜனவரி 28 அன்று தொடங்கியது. அன்றைக்கே 1950 முதலான 519 தொகுதிகள், 36,308 வழக்குகள் உள்ளே இருந்தன. பதிவு, கட்டணம் எதுவும் இல்லை. எஸ்சிஆர் (சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ்) நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தொகுப்பு என்பதால், மூட் கோர்ட்டில் (சட்ட மாணவர்களின் மாதிரி வழக்காடலில்) மேற்கோள் காட்டினாலும் யாரும் கேள்வி கேட்க முடியாது.

தேடல்தான் இதன் பலம். சொல், நீதிபதி பெயர், ஆண்டு, தொகுதி, அமர்வில் எத்தனை பேர் என்று பல வழிகளில் தேடலாம். கிடைத்த பட்டியலுக்குள்ளேயே மறுபடி தேடலாம். இந்த இரண்டாவது வசதியைப் பலர் தொடுவதே இல்லை. ஒரு சோதனை செய்து பாருங்கள். ‘கலெக்டிவ் கான்ஷியன்ஸ்’ (கூட்டு மனசாட்சி) என்பதை ஆங்கிலத்தில், சொற்றொடராகத் தேடுங்கள். தனிச் சொற்களாக விட்டால் சம்பந்தமில்லாத வழக்குகள் வந்து குவியும். வந்த பட்டியலுக்குள் நீதிபதி தீபக் மிஸ்ராவின் பெயரை இட்டுச் சுருக்குங்கள். 2017 மே 5 அன்று வந்த முகேஷ் வழக்கு, அதாவது நிர்பயா வழக்குத் தீர்ப்பு, அங்கே இருக்க வேண்டும்: சமூகத்தின் கூட்டு மனசாட்சி அதிர்ந்துவிட்டது என்பது தூக்கை உறுதி செய்வதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இப்போது ‘கான்ஸ்டிட்யூஷனல் மொராலிட்டி’ (அரசியலமைப்பு ஒழுக்கம்) என்று மாற்றி, அதே நீதிபதியை வைத்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பர் 6, நவ்தேஜ் சிங் ஜோஹர்: வயது வந்தோர் சம்மதத்தோடு கொள்ளும் தன்பாலின உறவு குற்றமல்ல என்ற தீர்ப்பு. சமூகத்தின் ஒழுக்கப் பார்வைக்காக அரசியலமைப்பு ஒழுக்கத்தைப் பலி கொடுக்க முடியாது என்கிறார். பதினாறு மாத இடைவெளி, ஒரே பேனா. ஊரார் உணர்ச்சி ஓர் இடத்தில் அளவுகோலாகிறது, இன்னோர் இடத்தில் தள்ளப்படுகிறது. முரண் என்பவரும் உண்டு; குற்றமும் அந்தரங்கமும் ஒன்றல்ல என்பவரும் உண்டு. எந்தப் பக்கம் பேசினாலும் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்காமல் பேசுவது வீண்.

அந்த ‘கூட்டு மனசாட்சி’யின் வேரைத் தேடினால் 1983இன் மச்சி சிங் தீர்ப்புக்குப் போவீர்கள். ‘அரிதினும் அரிது’ என்ற வரம்பை வகுத்த 1980இன் பச்சன் சிங் தீர்ப்போ, நீதிபதிகள் பொதுமக்கள் கருத்துக்கு வாயாக மாறக் கூடாது என்று எச்சரித்திருந்தது. இங்கேதான் முதல் பள்ளம். பச்சன் சிங்கில் பெரும்பான்மைத் தீர்ப்பு 1980 மே 9 அன்று வந்தது. நீதிபதி பகவதி மட்டும் மாறுபட்டார். ஆனால் அதற்கான காரணங்களை விரிவாக வெளியிட்டது 1982 ஆகஸ்ட் 16 அன்றுதான். ஆண்டை 1980 என்று மட்டும் கட்டிவைத்துத் தேடாதீர்கள். தூக்குக்கு எதிராகப் பேசுபவருக்கு வேண்டிய சரக்கெல்லாம் அந்தப் பின்பாதியில்தான் இருக்கிறது.

இரண்டாவது பள்ளம் இன்னும் ஆழம். 2023 அக்டோபர் 17 அன்று வந்த சுப்ரியோ தீர்ப்பு, தன்பாலினத் திருமணம் பற்றியது, 366 பக்கம். பிடிஎஃப்பைத் திறந்ததும் முதலில் வருவது அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட்டின் உரை, அதுவே 247 பக்கம். தலைமை நீதிபதி எழுதியது, நீளமானது, முதலில் வருவது. ஆகவே அதுதான் தீர்ப்பு என்று நினைத்து மேற்கோள் காட்டுகிறார்கள். உண்மையில் அது சிறுபான்மை உரை. திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐவரும் ஒன்று. சேர்ந்து வாழ்வதற்குச் சட்ட அங்கீகாரம், தத்தெடுப்பு ஆகியவற்றில் 3:2 என்று பிரிந்தார்கள். சந்திரசூட்டும் கௌலும் ஒரு பக்கம். பட், கோலி, நரசிம்மா மறுபக்கம். சட்டமாக நிற்பது இவர்கள் சொன்னது. ஆகவே நீதிபதி பட்டின் உரைக்கு நேராகத் தாவுங்கள். தளம் இதைக் கொட்டை எழுத்தில் சொல்லியிருக்கலாம்.

பிரிவு எண்களிலும் கவனம் தேவை. 2024 ஜூலை 1 முதல் கொலைக்கு பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, புதிய தண்டனைச் சட்டம்) 103. பழைய தீர்ப்புகள் முழுக்க ஐபிசி (பழைய இந்தியத் தண்டனைச் சட்டம்) 302 என்றே இருக்கும். தூக்குக்குச் சிறப்புக் காரணம் சொல்ல வேண்டும் என்ற விதியும் சிஆர்பிசி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 354(3) என்றே வரும். 377க்கு பிஎன்எஸ்ஸில் நேர்ப்பிரிவே கிடையாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எஸ்சிசி (சுப்ரீம் கோர்ட் கேஸஸ் என்ற தனியார் தீர்ப்புத் தொகுப்பு) பத்தி எண்ணை வைத்துக்கொண்டு இங்கே தேடுவதும் ஆகாது. பச்சன் சிங்குக்கு எல்லோரும் சொல்லும் 209ஆம் பத்தி எஸ்சிசியின் கணக்கு.

இது உச்ச நீதிமன்றத் தொகுப்பு மட்டுமே. 377ஐ முதலில் அசைத்த 2009 ஜூலை 2 நாஸ் தீர்ப்பு தில்லி உயர் நீதிமன்றத்தினுடையது. அதற்கு இ-கோர்ட்ஸ் தீர்ப்புத் தளத்துக்குப் போக வேண்டும். அதை எழுதிய அமர்வின் தலைமை நீதிபதி ஏ.பி. ஷாதான் பிறகு சட்ட ஆணையத் தலைவராகி, பயங்கரவாதம் தவிர்த்த குற்றங்களுக்குத் தூக்கு வேண்டாம் என்று 2015இல் 262ஆம் அறிக்கை தந்தார். அது சட்ட ஆணையத் தளத்தில் தனியாக இருக்கிறது.

தமிழ்? பாஸ் மார்க் போடக் கூட மனம் வரவில்லை. எல்லாத் தீர்ப்புகளுக்கும் தமிழாக்கம் கிடையாது. அதிலும் ஆங்கில மூலமே செல்லும் என்ற குறிப்பு இருக்கும்; அது நியாயம்தான். தேடல் பெட்டியில் ஆங்கிலத்திலேயே தேடுங்கள்.

நவ்தேஜில் நான்கு உரைகள், மொத்தம் ஐந்நூறு பக்கத்தை ஒட்டி வரும். நேரமில்லாதவர்கள் கடைசியில் உள்ள நீதிபதி இந்து மல்ஹோத்ராவின் உரையில் தொடங்கலாம். சுமார் 50 பக்கம், நான்கிலும் சிறியது, வழக்கின் பின்னணியும் தெளிவாக இருக்கிறது.