பிடிஎஃப் வரைபடம்: ஆட்டோகேடில் இணைப்பதா, உடைத்து இறக்குவதா?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வீட்டு வரைபடம் போடும் எங்களைப் போன்றவர்களுக்கு, ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் நேரடியாகத் திருத்தக்கூடிய டிடபிள்யூஜி கோப்பாகவே வந்து சேரும் வேலை குறைவு. திருவனந்தபுரத்தில் வீட்டை வடிவமைத்தவர் பிடிஎஃப் மட்டும் அனுப்புவார். நிலத்தின் புலப்படமும் பிடிஎஃப் ஆகவே கிடைக்கும். தக்கலைப் பக்கத்து ஓட்டு வீடு ஒன்றின் பழைய படத்தை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அதுவும் பிடிஎஃப்தான். ஆனால் ஒன்றில் இருப்பவை கோடுகள். இன்னொன்றில் இருப்பது வெறும் புகைப்படம். படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் கோடு கூர்மையாகவே நின்றால் அது கோட்டுப் படம். கட்டம் கட்டமாகச் சிதறினால் ஸ்கேன். இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த வழி மேலானது என்று பேசுவதில் பொருளில்லை.

ஆட்டோகேடில் இரண்டு வழிகள் உள்ளன. 2010 பதிப்பில் வந்த பிடிஎஃப் அட்டாச், படத்தை அடித்தாளாக வைக்கும்; அதன் மேல் நாம் வரையலாம், கோட்டுப் படமாக இருந்தால் அதன் முனைகளில் ஸ்னாப்பும் (புள்ளியைத் துல்லியமாகக் கவ்வும் வசதி) பிடிக்கும், ஆனால் அதிலுள்ள ஒரு கோட்டைக்கூட நகர்த்த முடியாது. 2017 பதிப்பில் வந்த பிடிஎஃப் இம்போர்ட், படத்தை உடைத்துக் கோடுகளாகவும் எழுத்துகளாகவும் நம் கோப்புக்குள் இறக்கிவிடும். அதன் பிறகு எதையும் அழிக்கலாம், நீட்டலாம், லேயர் (வரைபட அடுக்கு) மாற்றலாம்.

கேட்ட மாத்திரத்தில் இரண்டாவதே மேல் என்று தோன்றும். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். இறக்கிய படத்தை அருகில் சென்று பார்க்கும்போதுதான் சங்கதி விளங்குகிறது. பிடிஎஃப் வடிவத்தில் வட்டம், வில் என்று தனியாக எதுவும் கிடையாது. வளைவு எல்லாம் சில புள்ளிகளைக் கொண்டு வரையறுக்கும் பெசியர் வளைவாகவே பதிவாகிறது. அதை மென்பொருள் ஊகித்து வில்லாக மாற்றித் தருவதால், கதவு திறக்கும் கால்வட்டம் சில சமயம் துண்டு துண்டாக வந்து நிற்கும். புள்ளிக்கோடு தனித்தனிச் சிறு கோடுகளாக உதிரும். இறக்கும்போதே அதற்கான தெரிவைக் குறியிட்டால் ஓரளவு சேரும். ஆட்டோகேடுக்கே உரிய, கோடுகளால் ஆன எஸ்எச்எக்ஸ் எழுத்துருவில் எழுதிய '3600' என்ற அளவு எழுத்தாக வராமல் வெறும் கோட்டுத் துண்டுகளாக வரும். அதை மீண்டும் எழுத்தாக்கப் பிடிஎஃப் எஸ்எச்எக்ஸ் டெக்ஸ்ட் என்ற கட்டளை பின்னர் சேர்க்கப்பட்டது. 95 சதவீதம் பொருந்தினால்தான் ஏற்க வேண்டும் என்பது அதன் இயல்பு அமைப்பு. தமிழ் எழுத்துகளின் நிலை இன்னும் மோசம்: 'தோவாளை' என்பதன் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், பழைய எழுத்துரு என்றால் ஆங்கில எழுத்துக் குவியலாகவே வரும். அவற்றை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்வதே விரைவு.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது அளவுக்கோடு. இறக்கிய படத்தில் அது நீளம் மாறினால் எண்ணும் தானே மாறும் அளவுக்கோடு அல்ல. இரண்டு கோடும் ஓர் எண்ணும் மட்டுமே. அறையை 3600 மில்லிமீட்டரிலிருந்து 3900 ஆக நீட்டினாலும் பக்கத்தில் 3600 என்ற எண் அசையாமல் நிற்கும். அந்தத் தாளை நம்பி வெட்டுக்கல் அடுக்கும் கொத்தனாரிடம் பிறகு என்ன சொல்ல முடியும்? ஆகையால் சுவர்க்கோடுகளை வைத்துக்கொண்டு, வந்த அளவுகள் அனைத்தையும் நீக்கி, புதிதாக அளவிடுவதையே நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

அளவு விகிதத்தில் இரு வழிக்கும் ஒரே கவனம் தேவை. 1:100 விகிதத்தில் எடுத்த படம் தாளின் அளவிலேயே வந்து அமர்ந்தால் 230 மி.மீ. சுவர் 2.3 மி.மீ. ஆக இருக்கும், நூறால் பெருக்கினால் போதும் என்று தோன்றும், ஆனால் தாளுக்குள் அடங்குமாறு சுருக்கி அச்சிட்ட படத்தில் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். ஸ்கேல் கட்டளையில் ரெஃபரன்ஸ் தெரிவை எடுத்து, படத்தில் எழுதியுள்ள அளவுகளிலேயே மிக நீளமானதன் இரு முனைகளையும் தொட்டு உண்மை நீளத்தைக் கொடுப்பது நம்பகமானது. பின் அதற்குச் செங்குத்தான இன்னோர் அளவையும் சரிபார்க்க வேண்டும். பழைய வீடுகளில் இதற்கு மேலும் ஓர் எச்சரிக்கை உண்டு. தச்சர்களின் பழைய அளவுமுறையான ஆசாரிக்கோல் கணக்கில் ஒரு கோல் 24 விரல், அதாவது 72 செ.மீ.; 5 கோல் 8 விரல் அறை 3840 மி.மீ. வரும். முழு எண்ணாக இல்லையே என்று அதை 3850 ஆக்குவது திருத்தம் அல்ல, பிழை.

ஸ்கேன் படத்துக்கு இம்போர்ட் உதவாது. அது ஒரு படக்கோப்பைப் பிரித்துக் கொடுப்பதோடு நின்றுவிடும். அடித்தாளாக இணைத்து, மங்கலாக்கி, மேலே வரைவதே வழி.

காசு கொடுத்து ஆட்டோகேட் வாங்க இயலாதவர்கள் இங்க்ஸ்கேப் என்ற இலவச ஓவிய மென்பொருளில் பிடிஎஃப்பைத் திறந்து, பல வரைபட மென்பொருள்களும் படிக்கும் டிஎக்ஸ்எஃப் கோப்பாகச் சேமித்து, லிப்ரேகேட் என்ற இலவச வரைபட மென்பொருளில் தொடரலாம். லிப்ரேகேட் பிடிஎஃப்பை நேரடியாகத் திறக்காது. செலவில்லை, ஆனால் எழுத்துகளைப் பெரும்பாலும் இழக்க நேரும். ஒரு தாள் வேலைக்கு இது போதும். பத்துத் தாள் கட்டடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தீர்ப்பு இணைப்பதன் பக்கமே சாய்கிறது. மாற்றம் ஓர் அறையிலோ ஒரு மாடிப்படியிலோ அடங்கும் என்றால் அடித்தாளாக வைத்து அந்தப் பகுதியை மட்டும் வரைவது சுத்தமான கோப்பைத் தரும். முழுத் தளத்தையும் மாற்ற வேண்டியிருந்து, படமும் கோட்டுப் படமாக இருந்தால் மட்டும் இறக்கலாம். அப்போதும் தனிக் கோப்பில் இறக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடுகளை ஓவர்கில் கட்டளையால் நீக்கிய பிறகே வேலைக் கோப்புக்குள் கொண்டுவர வேண்டும். இணைத்த படத்திலும் ஒரு குறை உண்டு: டிடபிள்யூஜி கோப்பை மட்டும் பிறருக்கு அனுப்பினால் அடித்தாள் அங்கே திறக்காது. பிடிஎஃப்பையும் அதே கோப்புறையில் வைத்துச் சேர்த்தே அனுப்ப வேண்டும்.