மகால் வீதியில் ஒரு சுங்குடிக் கடை: புடவையும் பேச்சும்

மதுரையில் சுங்குடி எனப்படும் புள்ளிப் பருத்திப் புடவை வாங்குவோர் பெரும்பாலும் விளக்குத்தூணைச் சுற்றியுள்ள பெரிய ஜவுளிக் கடைகளோடு நின்றுவிடுகிறார்கள். நான் சென்ற மாதம் போனது அங்கிருந்து நடக்கும் தூரத்தில், திருமலை நாயக்கர் மகாலை ஒட்டிய வீதிகளில் ஒன்றில், வீட்டின் முன்கட்டையே கடையாக்கி வைத்திருக்கும் ஒரு சிறிய இடம். அண்ணன் மகளின் வளைகாப்புக்கு வரும் உறவுப் பெண்களுக்குக் கொடுக்க ஆறு சாதாரணச் சுங்குடிகளும், அவளுக்கென்று கையால் முடிச்சிட்ட புடவை ஒன்றும் தேவைப்பட்டன. குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

முதலில் சரக்கைப் பற்றி. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்று அந்தப் பெயரில் விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி மெழுகு அச்சோ திரை அச்சோதான். அவற்றில் தவறொன்றும் இல்லை. அன்றாடம் உடுத்த அவை போதும், வெயிலுக்கும் இதமாக இருக்கும். கைமுடிச்சு என்று சொல்லி அச்சை விற்பதுதான் தவறு. கைமுடிச்சை அறிவது கடினமும் இல்லை. நூலைச் சுற்றி இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாமல் நின்ற புள்ளி ஒருபோதும் வட்டமாக இருக்காது. ஓரம் பிசிறி, நடுவில் ஊசிமுனை அளவுக்குச் சாயம் தங்கியிருக்கும். துணி அந்த இடத்தில் சுருங்கி விரல் நுனிக்குத் தட்டுப்படும். புரட்டிப் பார்த்தால் பின்பக்கமும் அதே நிறத்தில் இருக்கும். புள்ளிகள் அச்சடித்தாற்போல் ஒழுங்காக இருந்தால், அச்சடித்ததாகத்தான் இருக்கும்.

கடைப் பையனுக்கு இருபது வயதிருக்கும். நான் கைமுடிச்சு கேட்டதும் ஓர் அடுக்கை எடுத்துப் போட்டு, எல்லாமே கைவேலை என்றான். மேலே இருந்ததைப் புரட்டினேன், பின்பக்கம் வெளுத்திருந்தது. நான் வாய் திறப்பதற்குள் உள்கட்டிலிருந்து ஒரு குரல் அவனைக் கடிந்துகொண்டது. அது தமிழ் இல்லை. பையனும் அதே மொழியில் இரண்டு வார்த்தை பதில் சொல்லிவிட்டு, அந்த அடுக்கைத் தள்ளி வைத்து, மேல் தட்டிலிருந்து வேறொன்றை இறக்கினான். வெளியே வந்த முதலாளி, அறுபதைக் கடந்தவர், "மன்னிச்சுக்கங்கம்மா, அவன் அச்சுத் துணியை மாத்தி எடுத்துட்டான்" என்று தமிழில் சொன்னார். மாற்றி எடுத்தானா, ஏமாற்றப் பார்த்தானா என்பது எனக்குத் தெரியாது. எப்படியானாலும் திருத்தம் நான் கேட்காமலே நடந்தது. இந்த மதிப்புரையில் கடைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான்.

அவர்கள் பேசியது சௌராஷ்டிரம். மதுரைக்காரர்களுக்கு இதில் வியப்பொன்றும் இருக்காது. பந்தடித் தெருக்களிலும் மகால் வீதிகளிலும் தலைமுறை தலைமுறையாக ஒலித்துவரும் மொழி அது. எனக்கு அது நெருக்கமாகப் பட்டதற்குக் காரணம் வேறு. நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்தவள். அம்மாவிடம் சண்டை போட்டதும் ஆடு மாட்டை விரட்டியதும் தெலுங்கில். படித்ததும் எழுதியதும் கணக்குப் போட்டதும் தமிழில். தெலுங்கு எழுத்தில் என் பெயரைக்கூட எனக்கு எழுதத் தெரியாது. சௌராஷ்டிரம் வடபுலத்து மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் குஜராத்திலிருந்து தெற்கே இறங்கி விஜயநகர ஆட்சிப் பகுதிகளில் தங்கி வந்ததில் தெலுங்கையும் கன்னடத்தையும் வழியெல்லாம் வாங்கிச் சேர்த்துக்கொண்டது என்பார்கள். முதலாளியும் பையனும் பேசும்போது நடுநடுவே எங்கள் வீட்டுச் சொல் ஒன்று காதில் விழுந்து மறைந்துகொண்டிருந்தது.

அரை மணி நேரத்திற்குள் அந்தக் கடையில் நான்கு மொழிகளைக் கேட்டேன். என்னிடம் தமிழ், சித்தூரிலிருந்து வந்திருந்த குடும்பத்திடம் தெலுங்கு, வடக்கே உள்ள மொத்த வியாபாரியிடம் தொலைபேசியில் இந்தி, தங்களுக்குள் சௌராஷ்டிரம். கேட்ட வரை, விலையை எவ்வளவு வரை இறக்கலாம் என்பது நான்காவது மொழியில் முடிவாகி, மற்ற மூன்றில் அறிவிக்கப்படுகிறது. இதை நான் சிரித்துக்கொண்டே சொன்னபோது முதலாளி மறுக்கவில்லை. பேரம் பேச விரும்புபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எனக்கு ஆறு அச்சுப் புடவைகளுக்கு ஒன்று 650 ரூபாய் என்றும், கைமுடிச்சுக்கு 2,400 ரூபாய் என்றும் முடிந்தது. பெரிய கடைகளைவிட அச்சுப் புடவையில் பெரிய மிச்சம் இல்லை, கைமுடிச்சில் உண்டு.

பையன் சௌராஷ்டிரக் குடும்பத்தவன் என்றே நினைத்திருந்தேன். இல்லை, அவன் திருமங்கலத்துப் பக்கம், வீட்டில் தமிழ்தான். மூன்று ஆண்டுகளாக இங்கே வேலை பார்ப்பதில் பேச்சு வந்துவிட்டது என்றான். முடிச்சுக்காரப் பெண்களிடம் துணியைக் கொடுத்து வாங்குவதும், கூலி பேசுவதும், சாயக்காரரிடம் நிறம் சொல்வதும் அந்த மொழியில் நடப்பதால், அது தெரியாமல் அந்த வேலையை நன்றாகச் செய்ய முடியாதாம். இதைக் கேட்டுக்கொண்டே முதலாளியின் பேரன் பள்ளிச் சீருடையோடு உள்ளே வந்தான். தாத்தா சௌராஷ்டிரத்தில் ஏதோ கேட்டார். அவன் தமிழில் பதில் சொல்லிவிட்டுப் போனான். அவனுக்குப் புரிகிறது, பேசத்தான் வருவதில்லை என்றார் முதலாளி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் பிள்ளைகளுக்குத் தெலுங்கில் திட்டினால் புரியும். அதற்கு மேல் அந்த மொழியால் அவர்களுக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. காரியம் உள்ளவன் திருமங்கலத்திலிருந்து வந்தும் கற்றுக்கொள்கிறான்.

கல்லாவுக்கு மேலே நடனகோபால நாயகி சுவாமிகளின் படம் மாட்டியிருந்தது. 1843 முதல் 1914 வரை வாழ்ந்து, சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் கீர்த்தனைகள் பாடிய மதுரைக்காரர் அவர். படத்தின் அடியில் சௌராஷ்டிர வரியொன்று தமிழ் எழுத்தில் அச்சாகியிருந்தது. வல்லின எழுத்துகளின் தோளில் 2, 3, 4 என்று சிறு எண்கள். நம் ககரம் ஒன்றே என்பதால், அந்த மொழிக்குத் தேவையான மற்ற ஒலிகளைக் காட்ட அப்படி எண்ணிட்டு எழுதுகிறார்கள். சௌராஷ்டிரத்துக்குச் சொந்த எழுத்தும் உண்டு. ராமாராய் போன்ற சௌராஷ்டிர அறிஞர்கள் அதற்குப் பாடநூல் எழுதினார்கள். 2008-இல் கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடிலும் இடம் கிடைத்தது. ஆனால் கடையின் பெயர்ப் பலகையில் தமிழும் ஆங்கிலமும்தான். ரசீதில் ஆங்கிலம் மட்டும். சொந்த எழுத்தில் ஒரு வரியாவது எழுதி வைக்கக்கூடாதா என்று கேட்டேன். "யாரும்மா படிப்பாங்க, எனக்கே தெரியாதே" என்றார். ரசீதில் அவர் பெயருக்கு முன்னால் இருந்த இரண்டு தலைப்பெழுத்துகளில் ஒன்று குடும்பப் பெயர். பாடகர் டி.எம்.சௌந்தரராஜன் பெயரில் உள்ள 'டி', தொகுளுவா என்ற சௌராஷ்டிரக் குடும்பப் பெயர்தான் என்று அவர் சொன்னபோது குரலில் ஒரு மிடுக்கு இருந்தது. எழுத்து போனாலும் தலைப்பெழுத்து போகவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 2.47 லட்சம் பேர் தாய்மொழி சௌராஷ்டிரம் என்று பதிந்தார்கள். ஆனால் அட்டவணையில் அது குஜராத்தியின் கீழ் ஓர் உட்பிரிவாகவே நிற்கிறது. 2023 ஏப்ரலில் குஜராத்தின் சோமநாதத்தில் நடந்த சௌராஷ்டிரா தமிழ்ச் சங்கமத்திற்கு மதுரையிலிருந்து சிறப்பு ரயிலில் போனவர்களில் அவருடைய அண்ணனும் ஒருவர். பூர்வீக மண்ணில் கால் வைத்ததும் அழுதாராம். பிறகு தேநீர்க் கடையில் சௌராஷ்டிரத்தில் 'பானி' என்று கேட்டவுடன் தண்ணீர் வந்ததாம். அடுத்த வாக்கியம் இரு தரப்புக்கும் புரியாமல், கைச்சாடையிலும் இந்தியிலும் போய் முடிந்ததாம். "எங்க பேச்சு மதுரையிலதாம்மா இருக்கு" என்றார்.

முடிச்சுப் போடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் முன்கூட்டிச் சொன்னால் உள்கட்டுக்கு அழைத்துப்போகிறார்கள்; இந்தக் கடைக்குப் போகிறவர்கள் இதைத் தவறவிட வேண்டாம். எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் துணியில் பென்சில் புள்ளி இருந்த இடத்தை இடக்கை நகத்தால் கிள்ளி நிமிர்த்தி, வலக்கையால் நூலை நான்கு சுற்றுச் சுற்றி இழுத்து, நூலை அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போய்விடுகிறார். கண்ணை எடுக்காமல் என்னிடம் தமிழில் ஊர் விசாரித்தார். ஒரு வரிசை முடியும்போதெல்லாம் வாய்க்குள் 'தீன்', 'சார்' என்று எண்ணிக்கை ஓடியது. இந்த வேலைக்குப் புதிதாகப் பெண்கள் வருவதில்லை என்றும், கிடைக்கும் கூலிக்கு வரவும் மாட்டார்கள் என்றும் அவரே சொன்னார். அந்தப் புடவைக்கு எவ்வளவு கூலி என்று கேட்டேன். முதலாளி முந்திக்கொண்டு பேச்சை மாற்றினார். 2,400 ரூபாயில் அந்த அம்மாவுக்கு எவ்வளவு போகிறது என்பதைச் சொல்லாத கடைக்கு முழு மதிப்பெண் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மற்றக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கைமுடிச்சுப் புடவையின் அரக்குச் சாயம் முதல் அலசலில் நன்றாகவே இறங்கியது. உப்பு நீரில் தனியாக ஊறவைக்க வேண்டும் என்ற குறிப்பைக் கடையில் யாரும் சொல்லவில்லை. எனக்கு முன்பே தெரிந்திருந்ததால் வேறு துணி தப்பியது. ஆறு அச்சுப் புடவைகளில் ஒன்றின் ஜரிகைக் கரையில் இழை பிரிந்திருந்தது. தொலைபேசியில் சொன்னதும் மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள், ஆனால் நேரில் வந்தால்தான் என்றார்கள். கூரியரில் அனுப்பிப் பெறும் வசதி இல்லை. கடை மாடிப்படி போல ஒடுங்கியது, மூன்று பேருக்கு மேல் உட்கார முடியாது. முகூர்த்த நாளுக்கு முந்தைய வாரம் போனால் நின்றுகொண்டே பார்க்க வேண்டியிருக்கும்.

கைமுடிச்சுப் புடவை வாங்குபவர்கள் அதை முடிச்சு அவிழ்க்காமலே கேட்டு வாங்குங்கள். என்னுடையதை முதலாளி ஒரு முனையையும் பையன் மறுமுனையையும் பிடித்துக் குறுக்காக இழுத்துக் காட்டினார்கள். படபடவென்று நூல்கள் தெறித்து ஜமக்காளத்தில் விழ, அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் திறந்தன. முந்தானையில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் அவிழ்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அண்ணன் மகளே இழுத்துப் பார்க்கட்டும்.