பல் கிளிப்புக்கு ‘உராய்வில்லாத கம்பி’ என்று கூடுதல் பணம் கேட்டால் உறையைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்

என் மகளுக்குக் கிளிப் போட்ட தனியார் பல் மருத்துவமனையில், உராய்வைக் குறைக்கும் பூச்சுள்ள கம்பியைப் போட்டால் சிகிச்சை பாதிக் காலத்தில் முடிந்துவிடும் என்று உறுதி கூறி, வழக்கமான கட்டணத்துக்கு மேல் 15,000 ரூபாய் வாங்கினார்கள். சில வாரங்களிலேயே அந்த வெள்ளைப் பூச்சு, பிராக்கெட்டை (பல்லின் மேல் ஒட்டி, கம்பியைப் பள்ளத்தில் தாங்கும் சிறு துண்டு) ஒட்டிய இடங்களில் உரிந்து, அடியிலிருந்த உலோகம் தெரிந்தது. கேட்டதற்கு, கடினமான பண்டங்களைத் தின்றதால் வந்த வினை என்று பழியைக் குழந்தையின் மேல் போட்டார்கள். கம்பி வந்த உறையை வற்புறுத்தி வாங்கிப் பார்த்தேன். பல் நிறப் பூச்சுள்ள நிக்கல்-டைட்டானியம் கம்பி என்று மட்டுமே அதில் அச்சிட்டிருந்தது. உராய்வைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அழகுக்காகப் பூசியதை வேகத்துக்காகப் பூசியதாகச் சொல்லி விற்றிருக்கிறார்கள்.

உராய்வு என்பது பொய்யான பிரச்சினை அன்று. பல்லைப் பிடுங்கிய இடைவெளியை மூடும்போது கம்பியும் பிராக்கெட்டின் பள்ளமும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டியிருப்பதால், கொடுக்கும் விசையில் ஒரு பகுதி அங்கேயே வீணாகிறது. இதற்காக வைரத்தை ஒத்த கார்பன் பூச்சையும், இஸ்ரேலிய ஆய்வாளர்கள் டங்ஸ்டன் டைசல்பைடு நுண்துகள்களைக் கலந்த நிக்கல் பூச்சையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்து, உராய்வு குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பல் சற்றுச் சாய்ந்ததும் கம்பி பள்ளத்தின் விளிம்பில் இறுகிக்கொள்கிறது. அந்த இறுக்கத்தை வழவழப்பான பூச்சு மட்டும் தீர்த்துவிடாது. அதைவிட முக்கியமாக, வேரைச் சுற்றியுள்ள எலும்பு ஒருபுறம் கரைந்து மறுபுறம் வளர்ந்தால்தான் பல் நகரும் என்பதால், இடைவெளி மூடுவது பொதுவாக மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவிலேயே நடக்கிறது. எந்தக் கம்பியைக் காட்டியும் பாதிக் காலம் என்று வாக்களிக்க ஒருவருக்கும் உரிமையில்லை. பூச்சே இல்லாத சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி உராய்வு குறைந்தது, விலையும் மலிவு. இடைவெளியை மூடப் பெரும்பாலும் அதைத்தான் போடுகிறார்கள் என்பதை இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். உரிந்த பூச்சின் சொரசொரப்பில் அழுக்குப் படியும் என்று அவரே அந்தக் கம்பியை மாற்றினார்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்திருப்பதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ரசீதில் ‘சிறப்புக் கம்பி’ என்று மட்டுமே எழுதியிருப்பது இப்போது எனக்குத் தடையாக நிற்கிறது. நீங்கள் பணம் கட்டுமுன் கம்பியின் உலோகம், பூச்சின் பெயர், அது எதற்காக என்ற மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். உறையையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.