கிம்ப்பும் கண்ட்ரோல் எஸ்ஸும்: தீராத ஒரு பிணக்கு

ஸ்டுடியோ நடத்தும் நண்பர் ஒருவர், படத்திருத்த மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டி மாளவில்லை, கிம்ப் என்னும் இலவசப் படத்திருத்த மென்பொருளுக்கு மாறிவிடலாமா என்று இன்று காலை கேட்டார். 2009 முதல், அதாவது 2.6 பதிப்பின் காலத்திலிருந்து, நான் அதையே பயன்படுத்தி வருகிறேன் என்பது அவருக்குத் தெரியும். நேற்று இரவு நாற்பது ஒளிப்படங்களை ஓரம் வெட்டி, சற்றே வெளிச்சம் கூட்டித் திரும்பச் சேமிக்க வேண்டியிருந்தது என்பது தெரியாது.

அந்தச் சிறிய வேலையில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு ஜேபெக் படத்தைத் திறந்து, வெட்டி, விரல் பழக்கத்தில் கண்ட்ரோல் எஸ் அழுத்தினால், எந்தப் படத்தைத் திறந்தோமோ அதே படமாகச் சேமிக்காமல், தன் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமிக்கும் பெட்டியை கிம்ப் நீட்டுகிறது. அந்தப் பெட்டியில் நாமாகவே பெயரின் இறுதியில் ஜேபிஜி என்று தட்டினாலோ, இங்கே எக்ஸ்சிஎஃப் மட்டுமே சேமிக்க முடியும், மற்றவற்றுக்கு எக்ஸ்போர்ட் பக்கம் போங்கள் என்று அறிவுறுத்தி, அங்கே அழைத்துச் செல்ல ஒரு பொத்தானையும் தருகிறது. நமக்கு வேண்டியது இன்னதென்று அதற்குப் புரிந்திருக்கிறது. புரிந்தும் செய்ய மறுக்கிறது என்பதுதான் எரிச்சல். எக்ஸ்போர்ட் செய்து, தர அளவு கேட்கும் பெட்டியையும் கடந்து, படத்தை மூடப்போனால், மாற்றங்கள் சேமிக்கப்படவில்லை என்ற எச்சரிக்கை வருகிறது. இன்ன பெயரில் எக்ஸ்போர்ட் ஆகியிருக்கிறது என்று அதே பெட்டியே சொல்லவும் செய்கிறது. இப்படி நாற்பது முறை.

தொடக்கம் முதலே இப்படி இருந்திருந்தால் பழகியிருப்பேன். 2.6 வரையில் கண்ட்ரோல் எஸ், ஜேபெக்கை ஜேபெக்காகவே சேமித்தது. 2012 மே மாதம் வெளிவந்த 2.8 பதிப்பில்தான் சேமிப்பு வேறு, எக்ஸ்போர்ட் வேறு என்று பிரித்தார்கள். அந்தப் பதிப்புதான் சிதறிக் கிடந்த சன்னல்களை ஒரே சன்னலுக்குள் அடக்கும் வசதியையும் தந்தது என்பதால், நன்றியும் கோபமும் எனக்கு ஒரே நாளில் வந்தன.

பிரித்ததற்கான காரணம் நியாயமானதே. பத்து லேயர், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனியே திருத்தக்கூடிய பத்து அடுக்குகள், கொண்ட ஒரு வேலையை ஜேபெக்காகச் சேமித்தால் பத்தும் ஒன்றாகித் தட்டையாகிவிடும். மூடிவிட்டால் மீட்க வழியில்லை. ஜேபெக்கை மறுபடி மறுபடி சேமிக்கும்போது படத்தின் தரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். போன வாரம் உறவினர் ஒருவர், ஆறு மாதங்களுக்கு முன் நான் செய்துகொடுத்த அழைப்பிதழில் தேதியை மட்டும் மாற்றித் தரக் கேட்டபோது, எக்ஸ்சிஎஃப் கோப்பில் எழுத்து லேயர் அப்படியே இருந்ததால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் லேயரே இல்லாத, ஓரம் வெட்டிய ஒற்றைப் படத்தில் எதைக் காப்பாற்ற இத்தனை காவல்?

மாற்றுவழி இல்லாமல் இல்லை. திறந்த படத்தின் மீதே எழுதும் ‘ஓவர்ரைட்’ கட்டளை கோப்புப் பட்டியலில் இருக்கிறது. ஷார்ட்கட் அமைப்புக்குள் சென்று கண்ட்ரோல் எஸ்ஸை அதற்கே ஒதுக்கிக்கொள்ளலாம். நானும் செய்து பார்த்தேன். பிறகு ஒருநாள் லேயர்களோடு செய்த சுவரொட்டி ஒன்றின் மேல் அதே விரல்கள் அதே விசைகளை அழுத்த, மூலப் படம் போயிற்று. எந்த ஆபத்தைச் சொல்லி அவர்கள் பிரித்தார்களோ அதை நானே வரவழைத்துக்கொண்டு, ஷார்ட்கட்டைப் பழையபடி ஆக்கினேன்.

ஒரு வட்டம் வரைவதற்குக்கூட முதலில் வட்டமாகத் தேர்வு செய்து, பிறகு அந்தத் தேர்வின் விளிம்புக்குக் கோடு போட வேண்டியிருக்கிறது என்பதை நண்பரிடம் சொன்னபோது சிரித்தார். அதைவிடத் தமிழ் எழுத்து பற்றிச் சொன்னதைத்தான் கூர்ந்து கேட்டார். எழுத்துகளைக் கோக்கும் பணியை கிம்ப், பாங்கோ என்னும் நிரல்தொகுப்பிடம் விட்டிருப்பதால், எந்த அமைப்பையும் தொடாமலே யூனிகோடு தமிழ் ஒழுங்காக விழுகிறது: ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னும் துணைக்கால் பின்னும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. அவர் கடையில் இன்றும் பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். வேறு கணினிக்குப் போனால் பெயர்கள் எல்லாம் குறியீடுகளாகிவிடுகின்றன.

2018-இல் வந்த 2.10-க்குப் பிறகு ஏழு ஆண்டுகள் காத்திருந்து, 2025 மார்ச்சில் 3.0 கைக்கு வந்தது. மூலப் படத்தைச் சிதைக்காமல் வடிகட்டிகளை இட்டு, வேண்டும்போது திருத்திக்கொள்ள முடிகிறது. பல லேயர்களை ஒருசேரத் தேர்ந்தெடுக்க முடிகிறது. எழுத்துக்கு வெளிக்கோடு போடுவது எளிதாகிவிட்டது. இவற்றையெல்லாம் பிறகுதான் பார்த்தேன். நிறுவிய உடனே நான் செய்த முதல் காரியம், ஒரு ஜேபெக்கைத் திறந்து, வெட்டி, கண்ட்ரோல் எஸ் அழுத்தியதுதான். அதே பெட்டி வந்தது.

நண்பரிடம் வேண்டாம் என்றேன். நாளொன்றுக்கு இருநூறு படங்களைத் திறந்து மூடும் கடைக்கு இது சரிப்படாது, பையன்கள் வேலையை விட்டுப் போய்விடுவார்கள் என்றேன். அழைப்பிதழைத் திருத்திக் கொடுத்த அன்று அவர் கேட்டிருந்தால், அப்போதே அவர் கணினியில் நிறுவித் தந்திருப்பேன்.