ஜிஎஃப்ஆர்ஜி சுவரும் தண்ணீரும்: பல மழைக்காலங்களுக்குப் பிறகு தெரிவது

சென்ட்ரிங் அடித்து, கான்கிரீட் ஊற்றி, பிறகு பலகையைப் பிரிக்கும் வேலை ஜிஎஃப்ஆர்ஜி சுவரில் கிடையாது. கண்ணாடியிழை கலந்த ஜிப்சம் பேனலே அச்சு. உள்ளே கான்கிரீட் இறுகிய பிறகும் அதுவே சுவரின் தோலாக நின்றுவிடும். ஆஸ்திரேலியாவில் ரேபிட்வால் என்ற பெயரில் பிறந்த முறை இது. சென்னை ஐஐடி இதை நம் ஊருக்கு ஏற்றபடி ஆராய்ந்து, 2013-இல் தன் வளாகத்திலேயே தரைத்தளம், முதல் தளம் என்று நான்கு வீடுகள் கொண்ட மாதிரிக் கட்டடம் எழுப்பியது. கட்ட நினைப்பவர்கள் இன்றும் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஜிப்சமாச்சே, மழையில் கரைந்துவிடாதா?

நனைந்தாலும் காய்ந்துகொண்டே வந்தால் ஒன்றும் ஆகாது. காயவிடாமல் நனைத்துக்கொண்டே இருந்தால் ஆகும். இந்தச் சுவரில் வரும் நீர்ப் பிரச்சினைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன.

பேனல் 124 மி.மீ. தடிமன், 3 மீட்டர் உயரம், 12 மீட்டர் வரை நீளம். வெளிச்சுவருக்கு நீர் எதிர்ப்புள்ள முதல் வகைப் பேனல் மட்டுமே ஆகும். தடுப்புச் சுவருக்கான வகையைக் கொண்டுவந்து வெளியில் நிறுத்தினால் எந்தப் பெயிண்டும் காப்பாற்றாது. முதல் வகையில் நீரை விலக்கும் சேர்மானம் கலந்திருக்கும். 24 மணி நேரம் நீரில் ஊறினாலும் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது. ஒரு சதுர மீட்டர் பேனல் சுமார் 43 கிலோ; அப்படியென்றால் உச்சமாக இரண்டு லிட்டர் சொச்சம் தண்ணீர். சான்றிதழைப் பார்த்தால் மட்டும் போதாது. ஜன்னலுக்கு வெட்டிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, உலர எடை போட்டு, ஒரு நாள் பக்கெட்டில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். செலவே இல்லாத சோதனை.

கண்ணுக்குத் தெரியாத தப்பு உள்ளே இருக்கும் கான்கிரீட்டில் நடக்கிறது. பேனலுக்குள் மேலிருந்து கீழாக ஓடும் வெற்றுக் கூடுகளைத்தான் அறை என்கிறோம்; ஒவ்வொரு அறையும் 230 க்கு 94 மி.மீ. இதற்குள் கம்பியும் நிற்கும், ஆகவே 12 மி.மீ.க்கு உட்பட்ட சிறு ஜல்லிதான் இறங்கும். முக்கால் இஞ்ச் ஜல்லி கலந்த லோடு வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்று மீட்டரையும் ஒரே மூச்சில் ஊற்றினால் அடியில் சதுர மீட்டருக்கு ஏழு டன் அளவுக்கு அழுத்தம் வரும், பேனலின் மெல்லிய முகம் வெடித்துவிடும். ஒரு மீட்டர் ஊற்றி, இடைவெளி விட்டு, அடுத்த மீட்டர் என்று போவதே முறை. சொந்த எடையிலேயே இறுகிவிடும், வைப்ரேட்டர் வேண்டாம் என்று சொல்வார்கள். அதை முழுதாக நம்ப வேண்டாம். மெல்லிய கம்பியால் குத்தி, வெளியே ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொடுப்பது நல்லது. அளவையும் கணக்கு வையுங்கள்: முழு உயர அறை ஒன்றுக்குச் சுமார் 65 லிட்டர் போக வேண்டும். 50 லிட்டரில் நிரம்பி வழிந்தால் எங்கோ பொந்து இருக்கிறது. சாதாரணச் சுவரில் சென்ட்ரிங் பிரித்ததும் தேன்கூடு, அதாவது கான்கிரீட் நிரம்பாத பொந்துகள், கண்ணில் படும், பூசலாம். இதில் அச்சு கூடவே தங்கிவிடுவதால் மழைநீர் அந்தப் பொந்துக்கு வழி கண்டுபிடிக்கிற நாள் வரை யாருக்கும் தெரியாது.

கான்கிரீட் போடாத அறைகளில் கிரஷர் தூளோடு 5 சதவீதம் சிமெண்ட் கலந்து நிரப்புவது வழக்கம். ஏசி பைப்புக்கோ கிரில்லுக்கோ போட்ட ஓட்டை வழியாக நீர் புகுந்தால், இந்தத் தூள் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கசியும். கசிவு தெரிகிற இடம் ஒன்று, புகுந்த இடம் மூன்றடி மேலே இருக்கும். அதனால் ஈரம் தெரிகிற இடத்தில் பெயிண்ட் சுரண்டிப் பட்டி பார்ப்பது வீண் வேலை.

நிறுத்திய பேனலின் மேல்வாயை அன்றே தார்ப்பாயால் மூடுவதும் முக்கியம். ஐப்பசி மழையில் திறந்து கிடந்தால் அறைகளின் அடியில் தண்ணீர் தேங்கும். அதன் மேல் கான்கிரீட் கொட்டினால் சிமெண்ட் பால் பிரிந்து, சுவரின் காலடியில் வெறும் ஜல்லியும் மணலும் தங்கும். சுவருக்கு வலுவும் நீர்த்தடுப்பும் அதிகம் தேவைப்படும் இடமே அதுதான்.

காலடி என்றதும் ஓதம், அதாவது தரையிலிருந்து ஏறும் ஈரம். ஜிப்சம் ஈரத்தை மேலே இழுக்கும். அடித்தளத்துக்கு மேல் சுவரைத் தாங்கும் பிளிந்த் பீமின் தலையில் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட் வேண்டும். அந்தப் பூச்சைத் துளைத்துக்கொண்டு வரும் பீமிலிருந்து சுவருக்குள் ஏறும் ஒவ்வொரு தொடர்கம்பியின் கழுத்தையும் தனியாகச் சுற்றி அடைக்க வேண்டும். வேலையாள் விட்டுவிடுவது இதைத்தான். பிளிந்த் மட்டம் வெளித்தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது. வேளச்சேரி, முடிச்சூர் மாதிரிப் பகுதி என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் நீர் ஏறிய அடையாளத்தைப் பார்த்து, அதற்கு மேல் வையுங்கள். அவ்வளவு உயர்த்த முடியாத மனையில் தரைத்தளத்துக்கு இந்த முறையே வேண்டாம்.

நம் வீட்டுப் பழக்கங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காலையில் வாசல் தெளிக்கிற தண்ணீர், துவைக்கிற கல்லிலிருந்து தெறிப்பது, பக்கெட் பக்கெட்டாக ஊற்றித் தரை கழுவுவது எல்லாம் சுவரின் முதல் அரை அடியை நாள்தோறும் நனைக்கின்றன. மழை வருஷத்துக்கு மூன்று மாதம், வாசல் தெளிப்பு 365 நாள். உள்ளே 15 செ.மீ. ஸ்கர்ட்டிங், அதன் பின்னால் நீர்த்தடுப்புப் பூச்சு. வெளியே ஓடோ கல்லோ பதித்த அடிப்பட்டை. இவை அழகுக்கு அல்ல.

மேல்நிலைத் தொட்டி இன்னும் மோசம். நிரம்பி வழியும் குழாயின் வாய் சுவரை ஒட்டி இருந்தால், ஆட்டோமேட்டிக் சுவிட்ச் பழுதாகிற மாதத்திலேயே கோடு விழும். ஒரு லிட்டர் நீர் 2 கிராமுக்குச் சற்று மேல் ஜிப்சத்தைக் கரைக்க வல்லது. ஒரே தடத்தில் தினமும் ஓடினால் பெயிண்ட் தோற்று, முகம் மெல்ல அரியும். வழிகுழாயையும் மழைநீர்க் குழாயையும் சுவரை விட்டுத் தள்ளிக் கிளாம்பில் நிறுத்துங்கள். சுவருக்குள் புதைக்கவே கூடாது.

குளியலறையில் தரையிலும் சுவரில் 1.8 மீட்டர் வரையிலும் மெம்பரேன், மூலைகளில் வலைத்துணி, தரைநீர் வடியும் நஹானி டிராப்பின் கழுத்தில் தனி அடைப்பு, டைல் ஒட்டுமுன் 48 மணி நேரம் நீர் நிறுத்திச் சோதனை. ஜிப்சத்துக்கேற்ற பிரைமர் அடிக்காமல் சிமெண்ட் சார்ந்த எதையும் நேரடியாகப் பூசக் கூடாது. ஈரம் பட்டால் ஜிப்சத்தின் சல்பேட் சிமெண்டோடு வினைபுரிந்து இடையில் வீங்கும், டைல் பாளமாகக் கழன்று வரும். பழுது பார்க்கையிலும் இதே கதைதான்: கெட்ட முகத்தை வெட்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, ஜிப்சம் கலவையாலேயே அடைக்க வேண்டும். கொத்தனார் பழக்கத்தில் சிமெண்ட் கலவை அப்புவார், விடாதீர்கள். வெளிப்பெயிண்ட் மூச்சுவிடக்கூடிய அக்ரிலிக் வகையாக இருக்கட்டும். பிளாஸ்டிக் போலத் தடித்த பூச்சை இரு பக்கமும் அடித்தால் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கட்டும்.

தளங்களுக்கு இடையே மேல் பேனல் கீழ்ப் பேனல் மேல் உட்காரும் கிடைக்கோடும், மூலைகளின் செங்குத்து இணைப்பும் சீலண்டை, அதாவது இடைவெளி அடைக்கும் பசையை, நம்பி நிற்பவை. சீலண்ட் சுவரைப் போல் நெடுநாள் உழைக்காது. ஆவணியில் ஒரு சுற்றுப் பார்த்து, நகம் நுழைகிற இடத்தைச் சுரண்டி எடுத்து மறுபடி அடைத்துவிட்டால் மழை நேரத்தில் ஏணி தேட வேண்டாம். சன்ஷேடின் அடியில் நீர்சொட்டுப் பள்ளம் இருந்தால் இந்தக் கோடுகளுக்கு வரும் தண்ணீரே பாதியாகக் குறையும்.

நிலத்தடி அறை, சம்ப், மண் சாய்ந்து நிற்கும் தாங்குசுவர் ஆகியவற்றுக்கு ஜிஎஃப்ஆர்ஜி பொருந்தாது. அந்த இடத்துக்கு ஆஸ்திரேலியாவில் பிவிசி கூடுகளை ஒன்றோடொன்று மாட்டி, உள்ளே கான்கிரீட் ஊற்றுகிறார்கள். பிவிசி தண்ணீரை உறிஞ்சாது, ஆனால் தேன்கூடு மறைந்துகொள்கிற சிக்கல் அதிலும் அப்படியே இருக்கிறது. அங்கே நீர் பெரும்பாலும் புகுவது கூடு வழியாக அல்ல, சுவர் அடித்தளத்தோடு சேரும் கிடைக்கோட்டில். ஈரம் பட்டால் வீங்கும் வாட்டர்ஸ்டாப் பட்டையும், சுவருக்குப் பின்னால் ஜல்லியும் துளைக்குழாயும் வைத்த வடிகாலும் இல்லாமல் பிவிசி கூட்டை மட்டும் நம்பி இறங்க முடியாது.